முதல்ல துப்பாக்கி வாங்காதீங்க: ஸ்பியர்ஃபிஷிங் ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒரு பட்ஜெட் பிளான்

போன மாசம் ஹாபி செலவுகள் பத்தி ஒரு வீடியோ போட்டிருந்தேன். அதுல சிட்னில நான் ஸ்பியர்ஃபிஷிங் போறேன்னு சும்மா ஒரு வரி சொன்னேன். அதுக்கப்புறம் வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான்: "அண்ணா, நானும் ஆரம்பிக்கணும், எந்த ஸ்பியர்கன் வாங்கலாம்?"

வெஸ்ட்மெட், டூங்காபி பக்கம் வீடு எடுத்து, வேலைல சேர்ந்து ஒரு வருஷம் ரெண்டு வருஷம் ஆனவங்கதான் அதிகமா கேட்டிருக்காங்க. அதனால இந்தப் பதிவு முழுக்க நியூ சவுத் வேல்ஸ் கணக்கு, ஆஸ்திரேலிய டாலர் கணக்கு. விலையெல்லாம் கடைக்குக் கடை, சீசனுக்கு சீசன் மாறும். நான் சொல்றது தோராயம்தான். ஆனா எதை முதல்ல வாங்கணும்கிற வரிசை மாறாது. அந்த வரிசையைத் தப்பாப் போட்டதால நான் என்ன இழந்தேன்னு முதல்ல சொல்லிடறேன்.

என் 1,650 டாலர் தப்பு

மூணு வருஷம் முன்னாடி ஒரு நவம்பர் மாசம். நாலு வீடியோ பார்த்த வேகத்துல கடைக்குப் போனேன். ஸ்பியர்கன் 420, கார்பன் ஃபின்ஸ் 480, வெட்சூட் 390, ரீல் 150, மாஸ்க், ஸ்நார்கல், வெயிட் பெல்ட் எல்லாம் சேர்த்து 210. மொத்தம் 1,650. கையில காசு இல்ல. "இப்ப வாங்கு, அப்புறம் கட்டு" தவணைல போட்டேன். பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை 400 டாலருக்கு மேல கணக்குல இருந்து போச்சு. அந்த மாசம் ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்தை அனுப்ப முடியல. அப்பாகிட்ட "சம்பளம் லேட்டாயிடுச்சுப்பா"ன்னு பொய் சொன்னேன். இன்னைக்கும் அது உறுத்தும்.

இதுல பயிற்சிக்கு எவ்வளவு செலவு பண்ணேன்? பூஜ்யம். மிதவை, கொடிக்கு? பூஜ்யம்.

ஜனவரில ஒரு சனிக்கிழமை, தனியாப் போனேன். பெல்ட்டுல 9 கிலோ ஈயம். சீக்கிரம் கீழ இறங்கலாம்னு நானே போட்ட கணக்கு. சுமார் 8 மீட்டர் ஆழம். மேல வரலாம்னு காலை அடிக்கிறேன், உடம்பு நகரவே மாட்டேங்குது. வலது கைல 420 டாலர் துப்பாக்கி. அதை விட மனசு வரல! இடது கையால பெல்ட் பக்கிளை இழுத்தேன், பெல்ட் கழண்டு விழுந்தது, மேல வந்துட்டேன். நான் வாங்கினதுலேயே விலை கம்மியான பொருள்ல ஒண்ணு அந்த பெல்ட். அதோட பக்கிள்தான் என்னைக் காப்பாத்துச்சு.

அப்புறம் பயிற்சிக்குப் போனப்பதான் தெரிஞ்சது, எனக்கு 5 கிலோ போதும்னு. வெட்சூட் ரப்பர்ல காத்துக் குமிழ்கள் இருக்கும். 10 மீட்டர் ஆழத்துல அழுத்தம் மேல இருக்கிறதைவிட ரெண்டு மடங்கு. குமிழ்கள் சுருங்கும், மிதக்கிற சக்தி குறையும். மேல இருக்கும்போது சரின்னு தோணுற எடை, கீழ போனா பாறையைக் கட்டி விட்ட மாதிரி ஆயிடும்.

அந்த சீசன்ல மொத்தம் 6 தடவைதான் கடலுக்குப் போனேன். 1,650-ஐ 6-ஆல வகுத்தா ஒரு தடவைக்கு 275 டாலர். கார்பன் ஃபின்ஸை 260-க்கும், துப்பாக்கியை 220-க்கும் வித்தேன். அதுல மட்டும் நஷ்டம் 420. கிட்டத்தட்ட ஒரு பயிற்சி வகுப்போட கட்டணம்!

படி 1: தண்ணியைப் பழக (சுமார் 280 டாலர்)

மாஸ்க் (70): விலையைப் பார்க்காதீங்க, முகத்துக்குப் பொருந்துதான்னு பாருங்க. பட்டையை மாட்டாம முகத்துல வெச்சு, மூக்கால லேசா காத்தை உள்ள இழுங்க. கையை எடுத்தாலும் ஒட்டி நிக்கணும். மூக்கு மாஸ்க்குக்குள்ள இருக்கணும், வெளியில இருந்து அதைப் பிடிக்கவும் முடியணும். ஏன்னா ஆழம் போகப் போக மூக்கைப் பிடிச்சு காது அழுத்தத்தைச் சரி பண்ணணும். நீச்சல் கண்ணாடில அது முடியாது. உள்ள இடம் குறைவா இருக்கிற மாஸ்க் நல்லது. புது மாஸ்க் கண்ணாடியில ஒரு மெல்லிய படலம் இருக்கும், டூத்பேஸ்ட் போட்டுத் தேய்ச்சுக் கழுவுங்க. இல்லன்னா பனி படிஞ்சுக்கிட்டே இருக்கும்.

ஸ்நார்கல் (30): சாதாரண வளைஞ்ச குழாய் போதும். வால்வு, மூடி வெச்சதெல்லாம் வேண்டாம்.

ஃபின்ஸ் (150), சாக்ஸ் (30): நீளமான பிளாஸ்டிக் பிளேடு. கடைக்குப் போகும்போது சாக்ஸ் போட்டுத்தான் அளவு பாருங்க. ஆரம்பத்துல பாறைல இடிப்பீங்க, தேய்ப்பீங்க. பிளாஸ்டிக் தாங்கும். கார்பன் உங்க ரெண்டாவது, மூணாவது வருஷத்துக்கு.

இதை வெச்சுக்கிட்டு மேன்லி பக்கத்துல கேபேஜ் ட்ரீ பே மாதிரி இடத்துல சும்மா மிதந்து மீன் பாருங்க. அது பாதுகாக்கப்பட்ட பகுதி, அங்க எதையும் பிடிக்கக் கூடாது. பார்க்கிறதுக்கு காசு இல்ல. நாலு தடவை போயும் ஆசை குறையலன்னா அடுத்த படி. "எனக்கு இது செட் ஆகல"ன்னு தோணுச்சா? 280-ஓட தப்பிச்சீங்க. குடும்பத்தோட பீச்சுக்குப் போனாலும் அந்த செட் உதவும்.

படி 2: உயிரைக் காப்பாத்துற செலவு (சுமார் 890 டாலர்)

ஃப்ரீடைவிங் பயிற்சி (500): "இவ்வளவா?"ன்னு தோணும். மொத்த லிஸ்ட்டுல ஒண்ணே ஒண்ணுக்குத்தான் காசு இருக்குன்னா, இதுக்குக் கொடுங்க.

காரணம் இதுதான். நமக்கு மூச்சு முட்டுற உணர்வு வர்றது ஆக்சிஜன் குறையறதால இல்ல, பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு ஏறுறதால. முங்குறதுக்கு முன்னாடி வேகவேகமா மூச்சு விட்டா கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சிடும், எச்சரிக்கை மணி லேட்டா அடிக்கும். அதுக்குள்ள ஆக்சிஜன் தீர்ந்துக்கிட்டு இருக்கும். மேல வரும்போது அழுத்தம் குறைய, நுரையீரல்ல மிச்சம் இருக்கிற ஆக்சிஜனோட அழுத்தமும் சட்டுனு இறங்கும். கடைசி சில மீட்டர்லயோ, மேல வந்த பிறகோ எந்த முன்னறிவிப்பும் இல்லாம நினைவு போயிடும். நல்லா நீந்தத் தெரிஞ்சவங்களும் இப்படித்தான் போயிருக்காங்க.

இதுக்கு எந்தக் கடையிலயும் கருவி கிடையாது. ஒரே மருந்து கூட ஒரு ஆள். ஒருத்தர் கீழ போனா இன்னொருத்தர் மேல இருந்து பார்க்கணும். மேல வந்த பிறகும் ஒரு 30 செகண்ட் கண்ணை எடுக்கக் கூடாது. நீச்சல் குளத்துல தனியா மூச்சடக்கிப் பழகறதும் இதே ஆபத்துதான், பண்ணாதீங்க. பயிற்சிக்குப் போனா கூட வர்ற ஆளும் கிடைப்பாங்க. என்னோட இப்ப வர்ற நண்பரை அங்கதான் சந்திச்சேன்.

வெட்சூட் (300): சிட்னி கடல் செப்டம்பர்ல 17, 18 டிகிரி, பிப்ரவரி, மார்ச்ல 23 பக்கம். கோடைக்கு மட்டும்னா 3 மில்லிமீட்டர் போதும், குளிர்லயும் போகணும்னா 5. போட்டுப் பார்க்காம வாங்காதீங்க. லூஸா இருந்தா தண்ணி உள்ள ஓடும், அப்புறம் எத்தனை மில்லிமீட்டரா இருந்தாலும் நடுங்குவீங்க.

ரப்பர் வெயிட் பெல்ட், ஈயம் (90): ஒரே இழுப்புல கழட்டுற பக்கிள் கட்டாயம். எடையைக் குறைவா ஆரம்பிங்க. முழு செட்டோட தண்ணில நேரா நின்னு, சாதாரணமா மூச்சை வெளிய விட்ட பிறகும் மிதக்கணும். மூழ்கினா எடை அதிகம், ஒரு கிலோ எடுங்க.

படி 3: மத்தவங்க கண்ணுல பட (சுமார் 190 டாலர்)

மிதவை, கயிறு, கொடி (120): படகு ஓட்டுறவருக்குத் தண்ணிக்குள்ள இருக்கிற உங்க தலை தெரியாது, கொடிதான் தெரியும். நீலமும் வெள்ளையுமா இருக்கிற டைவிங் கொடி. பிடிச்ச மீனையும் மிதவைல மாட்டுங்க, இடுப்புல கட்டாதீங்க. ரத்த வாசனைக்கு சுறா வந்தா அது மிதவைக்கிட்ட போகட்டும்.

கத்தி (50), கையுறை (20): கத்தி முக்கியமா மீனுக்கு இல்ல, உங்க கால்ல சிக்குற தூண்டில் நரம்பை அறுக்க. எந்தக் கையாலயும் எட்டுற இடத்துல மாட்டுங்க.

படி 4: கடைசியா, ஆயுதம் (சுமார் 135 டாலர்)

கையால ரப்பரை இழுத்துப் பிடிச்சு விடுற கை ஈட்டி 100 டாலர். பாகங்கள் கம்மி, ரிப்பேர் கம்மி. மீன் பக்கத்துல போனாத்தான் குத்த முடியும். அதனால சத்தமில்லாம நகர, பொறுமையா காத்திருக்க, மீனை அடையாளம் பார்க்க அதுவே கத்துக்கொடுக்கும்.

மிச்சம் 35 டாலர், நியூ சவுத் வேல்ஸ் பொழுதுபோக்கு மீன்பிடிப்புக் கட்டணம், ஒரு வருஷத்துக்கு. "நான் தூண்டில் போடலையே"ன்னு சொல்ல முடியாது, ஸ்பியர்ஃபிஷிங்குக்கும் உண்டு. ஸ்கூபா சிலிண்டர் போட்டுக்கிட்டு மீனைக் குத்தக் கூடாது. கடற்கரையோட ரெண்டு ஓரத்துலயும் கடைசி 20 மீட்டர் தவிர மத்த இடத்துல கூடாது. ப்ளூ க்ரோப்பர் மீனைத் தொடவே கூடாது. அந்த மாநிலத்தோட மீன் சின்னம் அது, 1969-ல இருந்தே ஈட்டியால பிடிக்கத் தடை. ஆள்கிட்ட பயமில்லாம நாய்க்குட்டி மாதிரி வரும். "ஈஸியா கிடைக்குதே"ன்னு குத்துனா அபராதம். கிளம்புறதுக்கு முன்னாடி அந்த இடத்தோட விதி, மீனோட அளவு, எண்ணிக்கை வரம்பு எல்லாத்தையும் அரசு தளத்துல பார்த்துடுங்க.

துப்பாக்கி எப்போ? ஒரு சீசன் முடிஞ்ச பிறகு. அப்பவும் 75-ல இருந்து 90 சென்டிமீட்டர், ஒரு ரப்பர், ரீல் வேண்டாம், 250 டாலர் பக்கம். நான் வாங்கினது 110. பாறை இடுக்குல அதைத் திருப்பவே முடியல. லோடு பண்றது தண்ணிக்குள்ள மட்டும்தான், வெளிய வர்றதுக்கு முன்னாடி இறக்கிடணும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

ஈயம் கண்ணை மூடிட்டு வாங்கலாம், அது கெட்டுப்போகாது. ஃபின்ஸ், மிதவை பார்த்து வாங்கலாம். ஆசைப்பட்டு வாங்கி, ஆறு தடவை போய், வித்துட்டுப் போற என்னை மாதிரி ஆளுங்க நிறைய இருக்காங்க! வெட்சூட் உங்க உடம்புக்குச் சரியா இருந்தா மட்டும். பழைய துப்பாக்கின்னா ரப்பரைப் புதுசா மாத்துங்க, ட்ரிகரை விவரம் தெரிஞ்சவங்ககிட்ட காட்டுங்க. தெரிஞ்சவங்க யாரும் இல்லன்னா வேண்டாம்.

இப்ப பணக் கணக்கு

280 + 890 + 190 + 135 = 1,495. மாசம் 250 வீதம் ஆறு மாசம் சேர்த்தா 1,500. தனியா ஒரு சேவிங்ஸ் கணக்கு திறந்து, சம்பளம் வர்ற அன்னைக்கே ஆட்டோமேட்டிக்கா போற மாதிரி வெச்சிடுங்க. மே மாசம் ஆரம்பிச்சா ஜூன்ல 500 இருக்கும், முதல் படி வாங்கலாம், மிச்சம் 220. செப்டம்பர்ல 970 ஆகும், ரெண்டாவது படி முடியும், மிச்சம் 80. அக்டோபர்ல 330 இருக்கும், மூணும் நாலும் சேர்த்து 325. கோடை வரும்போது எல்லாம் கைல, கடன் பூஜ்யம்.

மாசம் 250 முடியாதா? 125 போட்டு ஒரு வருஷம் எடுத்துக்கோங்க. கடல் எங்கயும் போயிடாது. அவசர நிதி இல்லாதவங்க, கிரெடிட் கார்டுல பாக்கி இருக்கிறவங்க, முதல்ல அதை முடிங்க. குறுந்தவணையை "இது கடனே இல்ல"ன்னு நினைக்காதீங்க. 2025 ஜூன் 10-ல இருந்து ஆஸ்திரேலியாவுல அதுவும் கடன் சட்டத்துக்குக் கீழ வந்தாச்சு. நாளைக்கு வீட்டுக் கடனுக்குப் போனா பேங்க் உங்க ஸ்டேட்மெண்ட்டைப் பார்க்கும்.

இன்னும் ரெண்டு விஷயம். "மீன் வாங்குற காசு மிச்சம், செலவு திரும்ப வந்துடும்"னு வீட்டுல கணக்கு சொல்லாதீங்க. பெட்ரோல் காசுக்கே பல நாள் மீன் கிடைக்காது. பிடிச்சதை விக்கறதும் சட்டப்படி தப்பு. இது முதலீடு இல்ல, சந்தோஷத்துக்கான செலவு. அப்படியே எழுதி வைங்க. ரெண்டாவது, லைஃப் இன்சூரன்ஸ், இன்கம் ப்ரொடெக்‌ஷன் எடுக்கும்போது டைவிங் மாதிரி ஹாபி உண்டான்னு கேட்டா உண்மையைச் சொல்லுங்க. பிரீமியம் கொஞ்சம் ஏறலாம். மறைச்சா, குடும்பம் கிளைம் பண்ற அன்னைக்குப் பிரச்சனை வரும்.

நான் இப்ப போறது பிளாஸ்டிக் ஃபின்ஸ், கை ஈட்டி, 5 கிலோ பெல்ட்டோட. நண்பர் வரலன்னா நானும் போறதில்ல. ஊருக்குப் பணம் ஒண்ணாம் தேதியே போயிடுது. போன கிறிஸ்துமஸ் லீவுல அப்பாவை வீடியோ கால்ல கூப்பிட்டு, பிடிச்ச மீனைக் காட்டி, அந்தப் பழைய பொய்யையும் சொல்லிட்டேன். அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "தனியாப் போகலைல்ல?"

உங்ககிட்டயும் அதைத்தான் கேக்கறேன். மாஸ்க் எப்படிப் பொருத்திப் பார்க்கிறது, பெல்ட் எப்படிக் கழட்டுறதுன்னு அடுத்த வீடியோல செஞ்சே காட்டறேன். அதுவரைக்கும் அந்தத் தனி சேவிங்ஸ் கணக்கை மட்டும் திறந்து வைங்க. சந்திப்போம்!