பெயர், தொகுதி, ரகசியம்: பாசிர் ரிஸ் வாக்காளர் அறிந்திருக்க வேண்டியவை

சிங்கப்பூரின் 1997 பொதுத் தேர்தலில் பாசிர் ரிஸ் குழுத்தொகுதி. 2001 முதல் பாசிர் ரிஸ்-பொங்கோல் குழுத்தொகுதி. 2025இல் பாசிர் ரிஸ்-சாங்கி குழுத்தொகுதி. வீடு மாறாமல் இந்த வட்டாரத்திலேயே இருந்துவரும் பலருக்குத் தொகுதி மட்டும் இப்படி மாறியிருக்கிறது. கடைசி மாற்றம் 2025 மார்ச் 11 அன்று, தேர்தல் தொகுதி எல்லைகள் மறுஆய்வுக் குழுவின் அறிக்கையில் வெளியானது. பொங்கோல் தனிக் குழுத்தொகுதியாகப் பிரிந்தது. ஈஸ்ட் கோஸ்ட் பக்கமிருந்து லோயாங், ஃபுளோரா குடியிருப்புகள் பாசிர் ரிஸுடன் இணைந்தன. மே 3 அன்று வாக்களிப்பு. அறிக்கைக்கும் வாக்களிப்புக்கும் நடுவே இருந்தவை 53 நாள்கள்.

இத்தகைய குறுகிய காலத்தில் ஒரு வாக்காளர் என்னென்ன சரிபார்க்க வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை, தவறு நடந்தால் எங்கே போக வேண்டும் என்பது ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திருந்தால் சில வாய்ப்புகள் கைநழுவிப் போய்விடும்.

அதிகாரம் யார் கையில்?

அமெரிக்காவில் தேர்தலை நடத்துவது மாநிலங்கள். தேர்தல் விதிகளை மாற்றும் அதிகாரத்தை அரசமைப்புச் சட்டம் நாடாளுமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது. 2025 மார்ச்சில் அதிபர் டோனல்ட் டிரம்ப், வாக்காளராகப் பதிய குடியுரிமைச் சான்று வேண்டும் என்று நிர்வாக ஆணை பிறப்பித்ததும் பல மாநிலங்கள் நீதிமன்றத்துக்குப் போயின. இந்தியாவில் நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்கள் இந்தியத் தேர்தல் ஆணையத்தின் பொறுப்பு. உள்ளாட்சித் தேர்தல்கள் மாநிலத் தேர்தல் ஆணையத்தின் பொறுப்பு. அதிகாரம் இப்படிப் பிரிந்திருப்பதாலேயே வாக்காளருக்குப் பாதுகாப்பு வந்துவிடுவதில்லை. தமிழ்நாட்டில் 2016இல் நடந்திருக்க வேண்டிய நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் மாநகராட்சிகளில் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களே இல்லை.

சிங்கப்பூரில் மாநிலம், மத்தி என்ற பிரிவே இல்லை. பிரதமர் அலுவலகத்தின்கீழ் இயங்கும் தேர்தல் துறைதான் பதிவேடு, வாக்களிப்பு நிலையம், வாக்கு எண்ணிக்கை எல்லாவற்றையும் கவனிக்கிறது. எல்லைகளைப் பரிந்துரைக்கும் குழுவுக்குப் பிரதமரின் செயலாளர் தலைவர். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், நில ஆணையம், புள்ளிவிவரத் துறை, தேர்தல் துறை ஆகியவற்றின் தலைமை அதிகாரிகள் உறுப்பினர்கள். ஒரே இடத்தில் நிர்வாகம் இருப்பதால் நாடு முழுவதற்கும் ஒரே விதி, ஒரே ஒழுங்கு. ஆனால் ஓர் அமைப்பில் பிழை நேர்ந்தால் தட்டிக்கேட்க இன்னொரு தேர்தல் அமைப்பு இல்லை. ஆகவே குடிமக்கள் விழிப்பாக இருப்பது இங்கே இன்னும் அவசியம்.

பெயர் இருக்கிறதா?

பதிவேடு தயாரிக்க நிர்ணயிக்கப்பட்ட தேதியில் 21 வயது நிறைந்த, சிங்கப்பூரில் பதிவு செய்த முகவரி உள்ள குடிமகன் வாக்காளர் பதிவேட்டில் இடம்பெறலாம். நிரந்தரவாசிகளுக்கு வாக்குரிமை இல்லை. 1959 முதல் வாக்களிப்பது கட்டாயம். வாக்களிக்கத் தவறியவரின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். பெயரை மீண்டும் சேர்க்கும்வரை அவர் பொதுத் தேர்தலிலும் அதிபர் தேர்தலிலும் வாக்களிக்கவோ போட்டியிடவோ முடியாது.

மீண்டும் சேர்ப்பது எளிது. தேர்தல் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். உடல்நலக் குறைவு, பிரசவம், வெளிநாட்டில் வேலை அல்லது படிப்பு போன்ற ஏற்கத்தக்க காரணம் இருந்தால் கட்டணம் இல்லை. இல்லாவிட்டால் 50 வெள்ளி. ஆனால் தேர்தல் ஆணை பிறப்பிக்கப்பட்ட பிறகு பெயர் சேர்க்க வழியில்லை. சென்ற முறை வாக்களிக்காதவர்கள் இன்றே விண்ணப்பிப்பது நல்லது. பதிவேடு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது இணையத்திலோ சமூக மன்றத்திலோ பெயரைச் சரிபாருங்கள். விடுபட்டிருந்தால் அந்தக் காலத்துக்குள் கோரிக்கை கொடுங்கள்.

வீடு மாறியவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புதிய முகவரியை 28 நாள்களுக்குள் தெரிவிப்பது சட்டப்படி கடமை. பதிவேடு தயாரான பிறகு பாசிர் ரிஸிலிருந்து பொங்கோலுக்குக் குடிபெயர்ந்தவர், பதிவேட்டில் உள்ள பழைய முகவரிக்குரிய தொகுதியில்தான் வாக்களிக்க வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள், நிர்ணயிக்கப்பட்ட தேதிக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் மொத்தம் 30 நாள்களாவது சிங்கப்பூரில் தங்கியிருந்தால் வெளிநாட்டு வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம். 2023 அதிபர் தேர்தலிலிருந்து அவர்களுக்கு அஞ்சல் வழி வாக்களிக்கும் வசதியும் உள்ளது.

வாக்கு ரகசியமா?

வாக்குச்சீட்டில் வரிசை எண் இருக்கிறது, யாருக்குப் போட்டோம் என்பது தெரிந்துவிடும், வேலைக்கோ வீட்டுக்கோ பாதிப்பு வரும் என்ற பேச்சு நம் பெரியவர்களிடையே இன்றும் உண்டு. இந்த அச்சம் ஆதாரமற்றது. போலிச் சீட்டையும் ஆள்மாறாட்டத்தையும் தடுப்பதற்காகவே அந்த எண். எண்ணிக்கை முடிந்ததும் வாக்குச்சீட்டுகள் முத்திரையிடப்பட்டு உச்ச நீதிமன்றப் பெட்டகத்தில் ஆறு மாதம் இருக்கும், பிறகு எரிக்கப்படும். முறைகேடாக வாக்குகள் போடப்பட்டு, அதனால் முடிவே மாறியிருக்கலாம் என்று நீதிமன்றம் கருதினால் மட்டுமே சீட்டுகளைப் பார்க்க ஆணையிட முடியும். 1948இல் தேர்தல்கள் தொடங்கியதிலிருந்து அப்படி ஓர் ஆணைகூடப் பிறப்பிக்கப்படவில்லை.

யாருக்கு வாக்களித்தீர்கள் என்று முதலாளி கேட்டாலும் உறவினர் கேட்டாலும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. வாக்களிப்பு நாள் பொது விடுமுறை. அன்று வேலை செய்பவருக்கு வாக்களிக்கப் போதிய நேரம் கொடுப்பது முதலாளியின் கடமை. பார்வைக் குறைபாடோ உடற்குறையோ உள்ளவர்களுக்குத் தேர்தல் அதிகாரி உதவுவார், அவர் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். பாட்டிக்கு உதவுகிறேன் என்று பேரன் சீட்டில் குறியிட அனுமதி இல்லை.

தெரியாமல் செய்யும் குற்றங்கள்

வாக்களிப்புக்கு முந்தைய நாள் பிரசார ஓய்வு நாள். 2011 பொதுத் தேர்தலிலிருந்து நடைமுறையில் உள்ள இந்த விதியை மீறினால் 1,000 வெள்ளி வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். 2024 அக்டோபரில் நிறைவேறிய சட்டம், தேர்தல் காலத்தில் வேட்பாளர் சொல்லாததைச் சொன்னதுபோல் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய காணொளிகளையும் ஒலிப்பதிவுகளையும் தடை செய்கிறது. வெளியிடும் தனிநபருக்கும் அதே தண்டனை உண்டு. வாட்ஸ்அப் குழுவில் வந்ததை அப்படியே பகிருமுன் அது உண்மையா என்று பாருங்கள்.

லிட்டில் இந்தியாவில் கூடும் வேலை அனுமதிச் சீட்டு ஊழியர்களும் நிரந்தரவாசிகளும் இன்னொன்றை அறிந்திருக்க வேண்டும். தேர்தல் பிரசாரத்தில் குடிமக்கள் அல்லாதவர்கள் ஈடுபடக் கூடாது. நட்புக்காகத் துண்டுப்பிரசுரம் கொடுப்பதும் சிக்கலில் கொண்டுபோய் விடும். 2025 ஏப்ரலில் தேர்தல் தொடர்பாக வெளிநாட்டவர் சிலர் இட்ட சமூக ஊடகப் பதிவுகளை முடக்கும்படி மெட்டா நிறுவனத்துக்கு அரசாங்கம் ஆணையிட்டது. இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள் படிவம் 6ஏ வழியாகத் தங்கள் சொந்த ஊர்த் தொகுதியில் வெளிநாடுவாழ் வாக்காளராகப் பதியலாம். ஆனால் கடப்பிதழோடு நேரில் போய்த்தான் வாக்களிக்க வேண்டும்.

நீதிமன்றம் வரை போன ஒரு வாக்காளர்

தேர்தலில் லஞ்சம், மிரட்டல், விதிமீறல் நடந்ததாகக் கருதும் வாக்காளர், முடிவு அரசிதழில் வெளியான 21 நாள்களுக்குள் தேர்தல் மனு தாக்கல் செய்யலாம். சாதாரண மனிதரால் இதெல்லாம் முடியுமா என்று தயங்குபவர்கள் வெள்ளம்மா மாரிமுத்துவை நினைத்துக்கொள்ள வேண்டும்.

2012 பிப்ரவரியில் ஹவ்காங் தனித்தொகுதி உறுப்பினர் யாவ் ஷின் லியோங்கைப் பாட்டாளிக் கட்சி நீக்கியது, தொகுதி காலியானது. இடைத்தேர்தல் எப்போது என்று பிரதமர் சொல்லவில்லை. அத்தொகுதியில் வாழ்ந்த, துப்புரவுப் பணி செய்துவந்த வெள்ளம்மா அடுத்த மாதமே வழக்குத் தொடுத்தார். மே 26 அன்று இடைத்தேர்தல் நடந்தது. ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அவர் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. அவர் மேல்முறையீடு செய்தார். தேர்தலே முடிந்துவிட்டதால் மேல்முறையீடும் தள்ளுபடியானது. ஆனால் 2013 ஜூலை 5 தீர்ப்பு ஒன்றைத் தெளிவாக்கியது: தனித்தொகுதி காலியானால் நியாயமான காலத்துக்குள் இடைத்தேர்தல் நடத்தப் பிரதமர் கடமைப்பட்டவர். நாட்டின் அரசமைப்புச் சட்டத்துக்கு ஒரு தமிழ்ப் பெண்ணின் வழக்கால் கிடைத்த விளக்கம் இது.

குழுத்தொகுதிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. பலர் ஓர் அணியாகப் போட்டியிடும், 1988இல் வந்த குழுத்தொகுதி முறையில் ஒவ்வோர் அணியிலும் சிறுபான்மை இனத்தவர் ஒருவராவது இருக்க வேண்டும். நம் சமூகத்தின் குரல் நாடாளுமன்றத்தில் ஒலிக்க அது உதவுகிறது. ஆனால் அணியில் ஒருவர் விலகினால் இடைத்தேர்தல் தேவையில்லை, அனைவரும் விலகினால்தான் தேவை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. நான்கு உறுப்பினர்கள் கொண்ட பாசிர் ரிஸ்-சாங்கிக்கும் இதுவே பொருந்தும்.

சீர்திருத்தம் எங்கே வேண்டும்?

எல்லை வரையும் முறையை மாற்ற வேண்டும் என்று சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சி 2024 ஆகஸ்டில் கொண்டுவந்த தீர்மானத்தை நாடாளுமன்றம் நிராகரித்தது. மூத்த அரசு அதிகாரிகளே குழுவில் இருக்கிறார்கள், கட்சிகளுக்கு அதில் இடமில்லை, அதுவே நடுநிலைமை என்பது அரசாங்கத்தின் வாதம். அதிகாரிகளின் நேர்மையை ஐயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் இரண்டு மாற்றங்கள் நியாயமானவை. ஒவ்வொரு எல்லை மாற்றத்துக்கும் காரணம் எழுத்தில் வெளியாக வேண்டும். அறிக்கைக்கும் வாக்களிப்புக்கும் இடையே குறைந்தபட்ச இடைவெளியைச் சட்டம் நிர்ணயிக்க வேண்டும். இன்று அப்படிச் சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை. தம் தொகுதி வேட்பாளர் யார் என்று அறிந்துகொள்ள மக்களுக்குக் காலம் கொடுப்பது எந்தக் கட்சிக்கும் பாதகமல்ல.

அது வரும்வரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். பதிவேட்டில் உங்கள் பெயரைப் பாருங்கள். நீக்கப்பட்டிருந்தால் உடனே சேருங்கள். தொகுதி எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் வாக்கு ரகசியம் என்று தமிழிலேயே எடுத்துச் சொல்லுங்கள். பிறகு அச்சமின்றிப் போய் வாக்களியுங்கள்.