வயிற்றில் வாழும் ஆர்க்கியா

டூட்டிங் கடைகளில் வாங்கிய கடலையை அவித்துச் சாப்பிட்ட இரவில் வயிறு ஊதுகிறதா? கடலையில் நமக்குச் செமிக்காத சர்க்கரைகளைப் பெருங்குடல் பக்டீரியாக்கள் நொதிக்கச் செய்யும்போது ஐதரசன் வாயு உண்டாகிறது. அதை உணவாக்கி மீதேன் வாயுவை வெளிவிடுபவை ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்கள். பார்வைக்குப் பக்டீரியா போலிருந்தாலும் இவை தனிப் பிரிவு என்பதை 1977இல் கார்ல் வோஸ், ஜோர்ஜ் பொக்ஸ் ஆகிய அமெரிக்க விஞ்ஞானிகள் எடுத்துக்காட்டினர்.

மீதேன் மிகுந்தவர்களுக்குக் குடலசைவு மந்தமாகி மலச்சிக்கல் ஏற்படலாம். பெனிசிலின் தாக்கும் பக்டீரியாச் சுவர்ப்பொருள் ஆர்க்கியாவில் இல்லை. ஆகவே வீட்டில் மிஞ்சிய அன்டிபயோட்டிக்கை நீங்களாகவே விழுங்குவதில் பயனில்லை. கடலையை இரவு முழுதும் ஊறவைத்து, அந்த நீரை ஊற்றிவிட்டு அவியுங்கள். வயிற்றுப் பொருமல் மூன்று வாரம் நீடித்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ வெட்கப்படாமல் குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள்.