பாலவாக்கம்: கடலறிவும் கணினியறிவும்

அன்று சென்னையை ஒட்டிய பாலவாக்கம் குப்பத்திலிருந்து கட்டுமரம் ஏறியவருக்குப் பெரிய முதலீடு கிடையாது. சில மரங்கள், கயிறு, வலை, மீதியெல்லாம் அறிவு. காற்று வாடையா, கச்சானா, கொண்டலா? நீரோட்டம் வடக்கேயிருந்து வரும் வன்னியா, தெற்கேயிருந்து வரும் தெண்டியா? இதைப் பார்த்துத்தான் எந்த வலையை எடுப்பது, போவதா வேண்டாமா என்று முடிவாகும். கரையில் தெரியும் அடையாளங்களை இரண்டிரண்டாக ஒரே நேர்கோட்டில் சேர்த்துப் பார்த்து, கடலடியில் பாறை இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். மகன் இதையெல்லாம் அப்பாவோடு கடலுக்குப் போய்த்தான் கற்றான்.

இன்று பக்கிங்காம் கால்வாயைத் தாண்டினால் பெருங்குடி, கந்தன்சாவடி. 2000-இல் தரமணியில் டைடல் பூங்கா திறந்தபின் பழைய மகாபலிபுரம் சாலை மென்பொருள் சாலையானது. அங்கே வேலை பார்ப்பவர்களுக்காகப் பாலவாக்கத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன. 2011-இல் ஊர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது.

கடல் தொழிலும் மாறியது. 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகும் இன்ஜினும் பெருகின. கரை அடையாளத்தின் வேலையை ஜிபிஎஸ் செய்கிறது. ஐதராபாத்தின் இன்காய்ஸ் மையம், செயற்கைக்கோள் அளக்கும் கடல்நீரின் வெப்பத்தையும் பச்சையத்தையும் வைத்து மீன் கூடும் பகுதிகளை அறிவிக்கிறது. தரமணியிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய தகவலைச் செயலி வழியே மீனவர் கைபேசிக்குக் கொண்டுவந்தது. புயல் எச்சரிக்கை உயிர் காக்கிறது. இது மறுக்க முடியாத நன்மை.

ஆனால் ஒரு கணக்கு விட்டுப்போயிற்று. அறிவை ஒரு தொழில்துறையாகவே அளந்து 1962-இல் நூல் எழுதினார் பொருளியலாளர் ஃபிரிட்ஸ் மக்லுப். கல்வி, ஆராய்ச்சி, அச்சு, தகவல் தொடர்பு ஆகியவை அவர் கணக்கில் வந்தன. அந்த வழியில் பார்த்தால் கால்வாய்க்கு மேற்கே இருப்பது அறிவுத்தொழில். கிழக்கே இருப்பது வெறும் உடலுழைப்பு. உண்மை அப்படியல்ல. ஒரு தொழிலின் விளைவில் எவ்வளவு பங்கு அறிவால் வருகிறது என்பதுதான் அளவுகோல் என்றால், கட்டுமரம் இந்த ஊரின் முதல் அறிவுத்தொழில்.

மென்பொருள் அறிவுக்குச் சான்றிதழும் சம்பளமும் உண்டு. கடலறிவுக்கு இரண்டும் இல்லை. அதனால் அது அடுத்த தலைமுறைக்குப் போகாமல் நிற்கிறது. பக்கத்து ஊரூர் குப்பத்து மீனவர் எஸ். பாளையம் தம் காற்று, நீரோட்ட அறிவைப் பதிவாக்கினார். அதே வேலை பாலவாக்கத்திலும் நடக்க வேண்டும். மூத்த மீனவர்களுக்கு ஊதியம் கொடுத்து, ஆசிரியர்களாக அழைத்து, அவர்கள் சொல்வதைப் பள்ளிகளும் ஆய்வு நிறுவனங்களும் எழுதி வைக்கட்டும். அவர்கள் இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும்.