பரணில் கிடந்த ஏடும் கட்டிலில் கிடந்த பெரியவரும்

'நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்' என்பது நம் முன்னோர் வாக்கு. நோய் என்றவுடன் மருத்துவரை நினைக்கிறோம். மருந்துக் கடையை நினைக்கிறோம். நம் ஊரின் பழைய மரபுகளை நினைப்பவர் யார்? முன்னோர் பாடிய இராகத்திற்கும் உடல் நலத்திற்கும் என்ன உறவு என்று கேட்கத் தோன்றும். நானும் ஒரு காலத்தில் அவ்வாறு கேட்டவன்தான். என் எண்ணத்தை மாற்றியவர் ஒரு முதியவர். அவருக்கு நான் இழைத்த தவற்றையும் மறைக்காமல் இங்கு எழுதுகிறேன்.

நான் நிறுத்திய வாசிப்பு

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், கடலோரப் பங்கு ஒன்றில் பொறுப்பேற்றேன். அவ்வூரில் பெரிய வெள்ளியன்று வியாகுலப் பிரசங்கம் வாசிக்கும் வழக்கம் இருந்தது. கோவாவில் பிறந்து, 1705ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து, டச்சுக்காரர் ஆட்சியில் ஒடுக்கப்பட்டுக் கிடந்த கத்தோலிக்க மக்களிடையே உழைத்து, 1742இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இயற்றிய நூல் அது. ஆண்டவரின் பாடுகளை உருக்கமான தமிழில் எடுத்துரைப்பது.

எண்பது வயதை நெருங்கிய பெரியவர் ஒருவர், தம் தந்தையாரிடம் கற்ற இராகத்தில் அதனை வாசிப்பார். வாசிப்பு முடிய நெடுநேரமாகும். நானோ, "நேரம் போதாது, இளைஞர்கள் சலிப்படைகிறார்கள்" என்று கூறி அதனை நிறுத்திவிட்டேன். ஒலிபெருக்கியில் பாடல்களைப் போடச் செய்தேன். பெரியவர் எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. "சரிங்க சாமி" என்று கூறிப் புத்தகத்தைத் துணியில் சுற்றி எடுத்துச் சென்றார்.

சில மாதங்கள் கழிந்தன. அவர் கோவிலுக்கு வருவது நின்றது. நற்கருணை வழங்க இல்லம் சென்றபோது கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மருத்துவர் பார்த்தும் புதிய நோய் ஒன்றும் இல்லை என்றாராம். அவருடைய மருமகள் வாசல்வரை வந்து, "சாமி, வாசிப்பு நின்னதிலேருந்து மாமா யார்கிட்டேயும் பேசறதில்லை. புத்தகத்தையும் பரண்லே போட்டுட்டாங்க" என்றார். அச்சொல் என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

மீண்டும் ஒலித்த குரல்

அடுத்த தவக்காலம் தொடங்கியதும் இளைஞர் நால்வரை அழைத்துக்கொண்டு அவரிடம் சென்றேன். "எங்களுக்கு அந்த இராகத்தைக் கற்றுத் தாருங்கள்" என்று வேண்டினேன். முதல் நாள் அவர் வாய் திறக்கவில்லை. இரண்டாம் நாள் ஓர் இளைஞன் தவறாக வாசித்தபோது, "அப்படி இல்லடா" என்று எழுந்து உட்கார்ந்தார். பேரப்பிள்ளைகளின் பெயர்களை மாற்றி அழைக்கும் நிலையில் இருந்தவருக்கு, இராகம் மட்டும் ஓரிடத்திலும் பிசகவில்லை.

பெரிய வெள்ளியன்று அவரை நாற்காலியில் அமர்த்தித் தூக்கி வந்தனர். முதற்பகுதியை அவர் வாசித்தார். எஞ்சியதை இளைஞர்கள் வாசித்தனர். அவருடைய முழங்கால் வலி தீரவில்லை, மறதியும் போகவில்லை. அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு முன்னரே இறைவனடி சேர்ந்தார். ஆயினும் அந்த மாதங்களில் அவர் நேரத்திற்கு உண்டார், உறங்கினார், மாலைதோறும் மாணாக்கரை எதிர்பார்த்து வாசலில் அமர்ந்திருந்தார்.

அறிஞர் கூறுவது

இது ஓர் ஊரின் அனுபவம் மட்டுமன்று. உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, மூவாயிரத்திற்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஆராய்ந்து, கலைகளில் ஈடுபடுவது உடலுக்கும் மனத்திற்கும் துணைபுரிகிறது என்று கூறியது. இங்கிலாந்தில் 2016 முதல் 2018 வரை, மனநலம் குன்றியோரைச் சிறு குழுக்களாகப் பழமை வாய்ந்த ஸ்டோன்ஹெஞ்ச் கற்றூண்களுக்கு அழைத்துச் சென்று, அந்நிலத்தின் வரலாற்றோடு உறவாடச் செய்தனர். பழைய நினைவுகளை அசைபோடுவது முதுமையின் பிதற்றல் அன்று, வாழ்வை நிறைவு செய்யும் இயல்பான முயற்சியே என்று அமெரிக்க மருத்துவர் இராபர்ட் பட்லர் 1963லேயே எழுதினார்.

காரணம் எளிது. சேர்ந்து பாடுகையில் மூச்சு நீண்டு சீராகிறது. பலரோடு பழகுகையில் தனிமை விலகுகிறது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்று அதே நிறுவனம் 2025இல் அறிவித்துள்ளது. எல்லாவற்றிற்கும் மேலாக, 'என்னிடம் பெறுவதற்கு இன்னும் ஒன்று உண்டு' என்ற உணர்வு முதியவரை நிமிர்ந்து உட்கார வைக்கிறது.

ஆனால் ஒன்றை மறத்தல் ஆகாது. மரபு மருந்துக்குத் துணையே அன்றி மாற்று அன்று. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருந்து தவறாமல் உண்ண வேண்டும். மனச்சோர்வு நீடித்தால் மருத்துவரை நாடத் தயங்கலாகாது.

பெற்றோரே, உங்கள் இல்லத்துப் பெரியவர் அறிந்த பாட்டு எது? ஊர்க் கோவில் எழுந்த கதையை அவர் எவ்வாறு சொல்வார்? பாட்டியின் கைப்பக்குவம் யாரிடம் உள்ளது? இந்த ஞாயிறு மாலை தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, பிள்ளைகளை அவர் அருகே அமரச் செய்யுங்கள். அவர் சொல்வதை எழுதச் சொல்லுங்கள். பாடுவதைக் கைப்பேசியில் பதியச் சொல்லுங்கள்.

அந்த வியாகுலப் பிரசங்கப் புத்தகம் இன்று அந்நால்வருள் ஒருவரிடம் உள்ளது. பரணில் அன்று, மேசைமேல். உங்கள் வீட்டுப் பரணில் கிடப்பது என்ன?