பிசின் வேலி போடும் மரங்கொத்தி!

குழந்தைகளே! ஒரு வீடு கட்ட எத்தனை நாள் ஆகும்? ஆறு மாதம்? ஒரு வருடம்? ஒரு சின்னப் பறவை தன் வீட்டைக் குடைந்து முடிக்க, சில சமயம் ஆறு ஆண்டுகள்கூட ஆகிறது!

அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் வாழும் 'ரெட் காக்கேடட்' மரங்கொத்திதான் அது. மைனாவைவிடச் சற்றுச் சிறியது. கறுப்பு வெள்ளை உடல், வெள்ளைக் கன்னம். ஆண் பறவையின் கண்ணுக்குப் பின்னால் ஒரு சின்னச் சிவப்புக் கீற்று இருக்கும். அது எளிதில் கண்ணில் படாது.

மரங்கொத்திகள் பல, பட்ட மரத்தில் பொந்து குடையும். இதுவோ உயிருள்ள பைன் மரத்தைத்தான் தேடும். அதுவும் 80, 100 வயதான மரமாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட மரத்தில்தான் ஒருவகைப் பூஞ்சை புகுந்து நடுப்பகுதியை மென்மையாக்கி வைத்திருக்கும்.

பொந்தின் வாசலைச் சுற்றிச் சிறு துளைகள் போடும். அவற்றிலிருந்து பிசின் வழியும். முட்டை திருட வரும் பாம்பின் செதில்களில் பிசின் அப்பிக்கொள்ளும். பாம்பால் மேலே ஏற முடியாது! பட்ட மரம் இப்படிப் பிசின் தருமா? உயிருள்ள மரத்தைத் தேடும் ரகசியம் புரிகிறதா?

முன்பு அங்கே 9 கோடி ஏக்கரில் நீண்ட ஊசியிலைப் பைன் காடுகள் இருந்தன. மரத்துக்காகவும் விவசாயத்துக்காகவும் வெட்டியதில், நூற்றுக்கு மூன்று பங்குதான் மிஞ்சியது. 1970இல் இந்தப் பறவை அழிவின் விளிம்பில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்ந்தது.

1989 செப்டம்பரில் இன்னொரு இடி! தென் கரோலினாவின் பிரான்சிஸ் மரியன் காட்டை 'ஹியூகோ' புயல் தாக்கியது. பொந்து மரங்களில் பெரும்பாலானவை முறிந்தன. தப்பிய பறவைகளுக்கு வீடு இல்லை. புதிதாகக் குடையவோ பல ஆண்டுகள் ஆகுமே!

ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டார்கள். மிஞ்சிய பைன் மரங்களில் ஏறி, துளை போட்டு, மரப்பெட்டிக் கூடுகளைப் பொருத்தினார்கள். பறவைகள் குடிவந்தன! மற்ற காடுகளிலும் இதையே செய்தார்கள். பைனை மறைத்து வளரும் புதர்களைக் கவனமாகத் தீ வைத்து அகற்றினார்கள்.

பலன் கிடைத்தது. இன்று சுமார் 7,800 குடும்பங்கள் உள்ளன. 2024 அக்டோபரில் ஆபத்துப் பட்டியலில் ஒரு படி கீழே இறங்கியது. ஆனாலும், பாதுகாப்பு இன்னும் தேவை.

பெட்டிக் கூடு அவசரத்துக்குத்தான், குழந்தைகளே! இன்று நடும் பைன் கன்று, உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் இப்பறவைக்கு வீடாகும். வெட்டுவதற்கோ ஒரு நிமிடம் போதும். ஒரு கிழ மரத்தைக் காப்பது எவ்வளவு பெரிய காரியம், பார்த்தீர்களா?