ஊதாதீங்க, துடைங்க!

அம்மா வீட்டுப் பரணை ஒழித்தபோது, 1998-ல் அண்ணனும் நானும் அடித்துக்கொண்டு விளையாடிய டி.வி. கேமும் மரியோ கேசட்டும் கிடைத்தன. "அவன் சாமான், எடைக்குப் போட்டுடாதே" என்றார் அம்மா. எங்களுக்குள் இரண்டு வருடமாகப் பேச்சில்லை.

பழைய டி.வி.யில் மாட்டினால் வெறும் கோடுகள்! வழக்கம்போல கேசட்டை ஊதினேன். ஊஹூம்! ரிப்பேர் கடைக்காரர், "ஊதவே கூடாதும்மா. எச்சில் ஈரம் பட்டா செம்புப் பட்டையில களிம்பு ஏறும்" என்றார். (சின்ன வயசில் எத்தனை ஊது ஊதியிருப்போம்!) அவர் சொன்னபடி, காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, பட்டைகளைத் துடைத்தேன். பஞ்சு கன்னங்கரேலென்று ஆனது. நன்றாகக் காயவிட்டு, சுவிட்சை அணைத்தபடியே இரண்டு மூன்று முறை செருகி எடுத்துப் போட்டேன். மரியோ வந்துவிட்டார்!

அந்தப் பாட்டை அப்படியே அண்ணனுக்கு அனுப்பினேன். உடனே போன். "முதல் ஆட்டம் எனக்கு, தொடாதே!"