வாடைக் கடலும் எமது மலைகளும்

மார்கழி மாதத்தில் வானொலியைத் திறந்தால், கிழக்குக் கடல் கொந்தளிப்பாக இருக்கும், மீனவர் கடலுக்குப் போக வேண்டாம் என்ற அறிவித்தல் வரும். இரத்தினபுரி, கேகாலை லயங்களில் அதைக் காதில் வாங்குவோர் குறைவு. கடல் எங்கே, நாம் எங்கே என்ற எண்ணந்தான். ஆனால் 1977லும் 1981லும் வன்செயலுக்கு அஞ்சி இத்தோட்டங்களை விட்டு வடக்கே போய், வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களில் காடு வெட்டிப் பயிர் செய்த எம்மவருக்கு அந்தக் கடலின் இரைச்சல் புதிதல்ல.

மாரியில் அந்தக் கடல் ஏன் சீறுகிறது? காற்றுக்கும் பாரம் உண்டு. அந்தப் பாரமே அமுக்கம். கடல் மட்டத்தில் அது சராசரியாக 1013 மில்லிபார். குளிர்காலத்தில் சைபீரியாவில் காற்று குளிர்ந்து கனத்து, அமுக்கம் பல வேளைகளில் 1040 மில்லிபாரையும் தாண்டும். தெற்கே, வெப்பமான இந்து சமுத்திரத்தின் மேல் அமுக்கம் குறைவு. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் ஓடுவதுபோல் காற்றும் வடக்கிலிருந்து புறப்படுகிறது. பூமி சுழல்வதால் அது வலப்புறம் திரும்பி, வடகிழக்கிலிருந்து வீசுகிறது. இதுவே வாடை.

காற்றின் வேகம், அது விடாது வீசும் நேரம், தடையின்றி ஓடும் கடற்பரப்பின் நீளம் ஆகிய மூன்றும் சேர்ந்தே அலையை வளர்க்கும். வங்காள விரிகுடாவில் வாடைக்கு இம்மூன்றும் கிடைக்கின்றன. ஆகவே மாரியில் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்புக் கரைகளில் அலை எழும்புகிறது. அதே வேளை மலைகளின் மறைவிலுள்ள மேற்குக் கரை அமைதியாகக் கிடக்கும். வைகாசி தொடங்கி, தென்மேல் காற்றில் இந்நிலை தலைகீழாகும். அதனால்தான் நீர்கொழும்பு, சிலாபம் பகுதி மீனவர் பருவத்துக்குப் பருவம் வலையோடு கரை மாறி வந்தார்கள்.

இந்த வாடையின் நடுவே விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் சுழன்றால் நிலைமை வேறு. அதன் காற்று எழுப்பும் அலை நூற்றுக்கணக்கான மைல் ஓடி, புயலுக்கு முன்பே கரையைத் தொடும். காற்றே இல்லாத நாளில் பேரலை அடிப்பதைக் கண்டு அனுபவசாலிகள் வள்ளத்தை மேலே இழுப்பது வீணான பயத்தினால் அல்ல. அமுக்கம் 1 மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் உயரும். இது சிறிதே. பெருங்கேடு செய்வது, சூறைக்காற்று கரையை நோக்கித் தள்ளிவரும் நீர். 1964 மார்கழியில் தனுஷ்கோடியை அழித்ததும் அவ்வாறு வந்த கடலே. 1978 நவம்பர் 23ல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை அங்குள்ள முதியோர் இன்றும் மறக்கவில்லை.

இனி எமது மலைக்கு வருவோம். கடலில் அலையை எழுப்பும் அதே தாழமுக்கம், ஈரக்காற்றை மலைமீது ஏற்றி மழையாகக் கொட்டவைக்கிறது. 2025 நவம்பர் 28ல் கிழக்குக் கரையேறிய 'டிட்வா' புயலின் காற்று, 1978ஐப் போல் பலமானதல்ல. ஆனால் அது மெதுவாக நகர்ந்தபடி மழையைக் கொட்டியது. கேகாலை உட்படப் பல மலை மாவட்டங்களில் மண்சரிந்தது. நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் இறந்தனர். காற்றின் வேகத்தை மட்டும் கேட்டுவிட்டு மலையடிவாரத்தில் நிம்மதியாகத் தூங்க முடியாது என்பதை அது காட்டிற்று.

ஆகவே வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்ற செய்தி வந்தவுடன், தோட்டத்து மழைமானியில் பதிவாகும் அளவைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் சரிவுகளில் விழிப்பு வேண்டும். 150ஐத் தாண்டினால், பொருள் பண்டம் பாராது, வயோதிபரையும் பிள்ளைகளையும் முதலில் கூட்டிக்கொண்டு வெளியேற வேண்டும். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று ஆகியவற்றைக் கண்டால் மழைக் கணக்குக்கும் காத்திருக்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி இலக்கம் 117.